இருபது எழுத்துக்குள் அடங்காத பெயர்கள்

எழுபதுகளின் நடுவில் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். உறுப்பினர்களுக்குப் பட்டு நூல் கொடுக்கிற கணக்கெல்லாம் அதுவரை கையெழுத்தில்தான் இருந்தது. அந்த வருஷம் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மிஷின் வந்தது. அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே செலுத்தினால் அதுவே பட்டியல் அடித்துத் தருமாம். பெயர்களை ஆங்கிலத்தில் அனுப்பச் சொன்னார்கள். ஒரு பெயருக்கு இருபது எழுத்துதான் இடம்.

எங்கள் ஊர்ப் பெயர்கள் அதில் அடங்குமா? பாதிப் பேருக்குப் பெரிய கோயில் சாமியின் பெயர். அதன் பின்னால் ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு வால். போதாததற்கு முன்னால் அப்பா பெயர். அப்படியே அனுப்பு, மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றார் மேலாளர். மிஷினோ இருபது எழுத்துக்கு மேல் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டது. வந்த பட்டியலில் ஒரே தெருவைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் ஒரே ஆளாகியிருந்தார்கள். பெயரின் கடைசியில்தான் அவர்களுக்கு வித்தியாசம். இரண்டு தறிக்கும் சேர்த்து ஒரு பங்கு நூல்தான் வந்தது.

பாகப்பிரிவினையின்போது பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வந்த நூலை மேலாளர் ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டு, பெயரைச் சரிசெய்ய இருவரையும் என்னிடம் அனுப்பினார். மேஜையின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நின்றார்கள்.

அப்பா பெயருக்கு முதலெழுத்து மட்டும் வைத்து, சாமி பெயரை நடுவில் சுருக்கினால் வால் தப்பிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாமி பேரை ஒடைக்காதீங்கம்மா" என்றார் அண்ணன். தம்பியும் வேண்டாமென்று தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

வீட்டில் கூப்பிடுகிற சின்னப் பெயர் ஏதாவது இருந்தால் ஒருவருக்காவது அதைப் போடலாமே என்றேன். தம்பி தரையைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தபடி தம்பியின் செல்லப் பெயரைச் சொன்னார். இடுப்பில் இருக்கும் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர்.

"எங்கம்மா அப்டித்தான் கூப்புடும். அது போனப்புறம் யாரும் கூப்புடறதில்ல."

தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். காதோரம் நரைத்திருந்தது. சம்மதமா என்று கேட்டேன்.

"போட்டுக்கோங்கம்மா" என்றார். "அண்ணனுக்கு சாமி பேரே இருக்கட்டும்."

இப்படியும் ஒரு பெயரா என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். ஆமாம் என்று மேலாளர் பதில் போட்டார். அடுத்த பட்டியலில் இருவரும் தனித்தனியாக வந்தார்கள். அதற்காக உடனே அவர்கள் பேசிவிடவில்லை. நூல் வாங்க வேறு வேறு நேரத்தில்தான் வந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் தம்பி மட்டும் இரண்டு பேருடைய உறுப்பினர் அட்டையோடும் வந்தார். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை, எழுந்திருக்க முடியவில்லையாம்.

"அவரு நூலையும் குடுங்கம்மா. நானே எடுத்துக்கினு போறேன்."

உறுப்பினர் நேரில் வரவேண்டும் என்பது விதி. மேலாளரைப் பார்த்தேன், கொடு என்று கைகாட்டினார். தம்பி இரண்டு பங்கையும் ஒரே துணியில் சுற்றி, நனையாமல் மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார்.