ஆறவிட்ட கிணறு

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் காலையில் குழாய்த் தண்ணீர் நூல்போலத்தான் வரும். நாங்கள் இருப்பது கடைசி மாடி. கீழே உள்ளவர்கள் குளித்து, உடுப்புத் தோய்த்து, மிச்சம் விட்டால்தான் எங்களுக்கு. என் மனைவி சகுந்தலா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். குழாயை இறுக்கி மூடிவிட்டு, தேங்காய் துருவி முடித்த பிறகு திறப்பாள். தண்ணீர் சீறிக்கொண்டு வரும். ஒரு சட்டி நிறைவதற்குள் மறுபடி நூலாகிவிடும்.

"பாத்தீங்களோ என்ர இஞ்சினியரிங்," என்றாள் போன கிழமை.

தேத்தண்ணியோடு நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன். நண்பரே, அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் நான் பாதி வாழ்க்கை சம்பளம் வாங்கினேன்.

வளைகுடாவில் ஒரு கிழட்டு எண்ணெய் வயல். பெரிய கம்பனி ஒன்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு, சக்கையை ஒரு சின்னக் கம்பனிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தது. சக்கையில் சொட்டு எடுப்பதுதான் எங்கள் வேலை. புதுக் கிணறு தோண்ட அனுமதி கிடையாது. செத்த கிணற்றின் வால்வைக் கழற்றி, சாகக் கிடக்கும் கிணற்றுக்குப் பூட்டுவோம். எண்ணெயை மேலே தள்ள வயல் முழுவதற்கும் இருந்தது ஒரேயொரு கம்பிரஸர். அதை லொறியில் ஏற்றி, சுவாமி வீதிவலம் வருவதுபோல ஒவ்வொரு கிணற்றடிக்கும் கொண்டுபோவோம். எண்ணெயைவிட உப்புத் தண்ணீர்தான் கூட வரும். இதற்கெல்லாம் 'சிக்கனப் பொறியியல்' என்று பெயர். ஆங்கிலத்தில் சொன்னால் கஞ்சத்தனம் என்று யாருக்கும் தோன்றாது.

அங்கே எப்போதும் கூழ்முட்டை மணம். சவர்க்காரத்துக்கும் போகாது. விடுமுறையில் வந்து என் சூட்கேசைத் திறந்தால் முதலில் அந்த மணம் எழும்பும், பிறகுதான் சொக்லட். அப்போது சகுந்தலாவும் எங்கள் மகள் துளசியும் கொட்டாஞ்சேனையில் மச்சான் வீட்டில் இருந்தார்கள். மச்சான் என்றால் சகுந்தலாவின் தமையன். "அப்பான்ர மணம் வந்திட்டுது," என்று துளசி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருவாள்.

அந்த ஒரு மாதம் என்னைப் பார்த்திருக்க வேண்டும். காலிமுகத்திடல் கடற்கரையில் இறால் பதித்த இஸ்ஸோ வடை, மகளுக்குச் சப்பாத்து, மச்சானுக்கு வெளிநாட்டுப் போத்தல், கோபமே வராத முகம். கொட்டாஞ்சேனை முழுவதும் சகுந்தலாவைக் கொடுத்துவைத்தவள் என்றது. பதினொரு மாதம் மூடிவைத்துத் திறந்தால் எந்தக் கிழட்டுக் கிணறும் ஒரு மாதம் பொங்கத்தான் செய்யும்.

களைத்த கிணற்றைக் கொஞ்சக் காலம் மூடி ஆறவிட்டால், அடியில் அழுத்தம் சேரும். திறந்ததும் பாயும், பிறகு இளைக்கும். ஆறவிட்டு எடுப்பது முறையான வழிதான், தவறில்லை. அந்த முதல் பாய்ச்சலைக் காட்டி, இதுதான் கிணற்றின் நித்திய நிலை என்று நம்பவைப்பது வேறு கதை. அதைத்தான் நான் செய்தேன்.

ஒருமுறை விடுமுறை முடிந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடித்துப் போகிறோம். களனிப் பாலம் கடந்து வத்தளைக்குள் நுழைந்தால் வாகனங்கள் நகராது. ஒவ்வொரு வருடமும் அந்த நெரிசலில்தான் சகுந்தலா கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"இந்தமுறையோட முடிச்சுக்கொண்டு வந்திடுங்கோவன். பிள்ளை வளருறாளப்பா."

"வயலை மூடப்போறாங்கள் போல கிடக்கு. மூடினால் நான் அங்க ஒட்டகமே மேய்க்கிறது? வந்திடுவன்."

"சத்தியமா அப்பா?" என்றாள் துளசி.

"சத்தியமா."

வயலை மூடும் யோசனை உண்மைதான். முடிவெடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக முதலாளி வந்தார். அவர் வருவதற்குமுன் இருந்தவற்றில் நல்ல கிணறுகளாகப் பார்த்து நான் மூடி, ஆறவிட்டேன். அவர் புதுச் சப்பாத்தோடு வந்து இறங்கியதும் திறந்தேன். குழாய்கள் அதிர்ந்தன. அவர் கண் கலங்கி, என் தோளைத் தட்டி, "இதையா மூடச் சொன்னார்கள்?" என்று கேட்டார். அடுத்த கிழமை கிணறுகள் இளைத்தபோது அவர் வேறு நாட்டில் இருந்தார். வயல் தப்பியது. என் வேலையும் தப்பியது. நான் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன், "கம்பனி விடுகுதில்லை."

ஏன் செய்தேன்? அங்கே நான் சொன்னால் கிணறு திறக்கும், கிணறு மூடும். வீட்டில் ஒரு மாத விருந்தாளியாக நல்ல பெயர் எடுத்திருந்தேன். இரண்டாம் மாதம் என்னைப் பார்த்தால் இவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். படித்த மனிதன், இதைப் புரிந்துகொள்ளக் கிழவனாக வேண்டியிருந்தது.

அடுத்த விடுமுறையின் கடைசி நாள், போத்தலைத் திறந்துவைத்துக்கொண்டு மச்சானிடம் அளந்தேன். "வயலையே காப்பாத்தினது நான்தான் மச்சான். ஆறவிட்டுத் திறந்து காட்டினன், ஆள் மயங்கிட்டான்!" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் வத்தளை நெரிசலில் சகுந்தலா ஒன்றுதான் கேட்டாள்: "பாஸ்போட் எடுத்தீங்களோ?" பிறகு வந்த வருடங்களிலும் அதுதான். குடும்பம் பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். கிணறு ஒன்று சத்தமில்லாமல் போனால் உடனே ஆள் அனுப்பிப் பார்ப்பவன் நான். மனைவி சத்தமில்லாமல் போனபோது நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

வயலைக் கடைசியில் மூடி, நான் ஒரேயடியாக வந்தபோது துளசி கனடாவுக்குப் போய்விட்டிருந்தாள்.

போன கிழமை அந்தக் குழாயடியில் நான் தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தபோதே துளசியின் அழைப்பு வந்தது. ஆவணியில் வருகிறாளாம், இரண்டு கிழமை.

"கூட ஒரு கிழமை நிக்கேலாதோ பிள்ளை?"

"வேலையில விடமாட்டாங்கள் அப்பா. அடுத்த வருசம் பாப்பம். உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வாறது?"

போனை வைத்துவிட்டுச் சொன்னேன், "இஞ்சரும், அந்தக் காலத்தில கம்பனி விடுகுதில்லை எண்டு சொன்னது..."

"தெரியும்," என்றாள் சகுந்தலா. "அண்ணையோட இருந்து நீங்கள் பெருமையடிச்சது குசினிக்குள்ள கேட்டது. பொரிச்ச மீனும் கருகிப்போச்சு."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்கள். பக்கத்தில பிள்ளை இருந்தவள்." சட்டியை எடுத்துக்கொண்டு குழாயை மூடினாள்.

அந்த வயலின் கிணறுகளுக்கெல்லாம் சீமெந்து அடைத்துவிட்டார்கள். மச்சான் இல்லை, கொட்டாஞ்சேனை வீடும் கைமாறிவிட்டது. கட்டுநாயக்காவுக்கு இப்போது அதிவேகப் பாதை இருக்கிறது. ஆவணியில் துளசியைத் திருப்பி அனுப்பும்போது அதில்தான் போவோம், வத்தளை நெரிசல் கிடையாது. ஏறினால் இறங்க வேண்டியதுதான். பழைய வழியில், வாகனம் நகராமல் நிற்கும்போது, ஒரு ஆள் ஒன்றைக் கேட்கவாவது நேரம் இருந்தது.