செவ்வாய்க்குப் போன ரயில்

பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் நான் எழுத்துக் கோத்த நாட்களில், ரயில் கார்டு ஒருவர் சொந்தச் செலவில் நாவல் போட வந்தார். செவ்வாய்க் கிரகத்துக்கு ரயில் போகும் கதை. கிள்ளான் ரயில் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் எழுதுவாராம், தாளெல்லாம் கரிப்பொடி. ஒவ்வோர் அத்தியாயத்தையும் விசில் ஊதிவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார்.

கடைசி அத்தியாயத்தில் ரயில் நிலாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

"ஏண்ணே நிக்குது?" என்றேன்.

"எதிர்ல வண்டி வருது தம்பி. ஒத்தைத் தண்டவாளம்."

"ஆகாயத்துலயா?"

"ஆகாயம்னா? மோதிக்கிச்சின்னா நான்தானே பதில் சொல்லணும்!"

"எப்பண்ணே கிளம்பும்?"

"சிக்னல் கைகாட்டி இறங்கட்டும், பாப்போம்."

கைகாட்டி இறங்கவில்லை. நாவலை அப்படியே அச்சிட்டோம். இன்றும் நிலாவைப் பார்த்தால், அந்தப் பயணிகள் ஏதாவது சாப்பிட்டார்களா என்று கவலை வந்துவிடுகிறது.