மருந்து வாடை

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டவருக்கு ஒட்டிய கன்னம், பிளீச்சிங் பவுடர் பட்டு வெளுத்த காக்கிச் சட்டை. மேல்நிலைத் தொட்டியில் மருந்து போடுவதும் அவர்தான். வால்வைத் திறந்ததும் தெருக்குழாயடியில் குத்தவைத்து, முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்து பார்ப்பார். பிறகு கீழே கொட்டிவிடுவார்.

ஆறு கலங்கி ஓடிய ஒரு ஐப்பசியில், தண்ணீரில் மருந்து வாடையே இல்லை. என் மகள் வாந்திபேதியில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு நன்றாக வருவது பயம் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, மருந்து போட்டியளா?"

"போட்டேன், கொஞ்சம் குறைச்சு. காப்பி கெட்டுப்போகுதுன்னு தெருவே ஏசுதுல்லா."

"பிள்ளைக்கு மறுபடி வந்துட்டா?"

"வாடை அடிச்சா அவங்க ஏசுதாங்க, அடிக்காட்டா நீரு கேக்கீரு. நான் என்னத்தச் செய்ய வே?"

கையில் இருந்த தண்ணீரை அன்று கொட்டாமல் குடித்தார். "நாளைக்கு நான் வரலைன்னா பிள்ளைக்குக் குடுக்காதேயும்."

நான் கொதிக்கவைத்தே கொடுத்தேன். மறுநாள் விடிந்ததிலிருந்து வாசலில் நின்றேன். வால்வு திறக்கும் கம்பியை இழுத்துக்கொண்டு மெல்ல வந்தார்.

"வந்துட்டேன் வே," என்றார், என்னைப் பார்க்காமலே.

அன்று தண்ணீரில் மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. குடத்தோடு வந்தவர்கள் எல்லாரும் ஏசினார்கள். அவர் குத்தவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் மகளுக்காகக் கூட்டிப் போட்டாரா, ராத்திரி அவர் வயிறே ஏதும் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.