மூலையில் மஞ்சள் பட்ட திரை

திண்டிவனத்து சினிமா லெக்சரர் சவுரிராயன், பிணத்தின் மேல் கிடந்த துணியை உருவிவந்து அதில்தான் படம் காட்டுகிறான் என்று விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு பேச்சு. சாட்சியும் உண்டாம்: திரையின் ஒரு மூலையில் மஞ்சள். காலராவும் துணிப் பஞ்சமும் கைகோத்துக்கொண்டு வந்த 1945இல் இந்த மாதிரிப் பேச்சுக்கு ரயிலைவிட வேகம் அதிகம். விசாரித்துப் பார்த்ததில் மஞ்சள் நிஜம். பிணமும் நிஜம். உருவியது மட்டும் பொய். நடந்தது அதைவிடக் கொஞ்சம் மோசம்.

சவுரிராயன் மிஷன் பள்ளியில் படித்தவன். சுகாதாரப் பிரசார வேனில் அவனுக்கு வேலை. சீமையிலிருந்து வந்த ஊமைப் படங்களை வேன் ஊர் ஊராகக் காட்டும். திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்கவேண்டியது அவன். வேன் நிரந்தரம். டிரைவர் துரைக்கண்ணு நிரந்தரம். படத்தில் வரும் ஈகூட நிரந்தரம். எல்லா ஊரிலும் அதே சோற்றில்தான் வந்து உட்காரும். பேசுகிறவன் மட்டும் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சூப்பரின்டென்ட் முன்னால் பேசிக் காட்டி உத்தரவை நீட்டி வாங்கவேண்டும். அவனும் அவன் அம்மாவும் சாப்பிடுவது அந்த உத்தரவைத்தான்.

அந்தத் தடவை சூப்பரின்டென்ட் வந்தது மயிலத்துக்கும் திருவக்கரைக்கும் நடுவில் இருந்த ஒரு கிராமத்துக்கு. சாயங்காலம் பெட்டியைத் திறந்தால், சர்க்கார் திரையை எலி தின்றிருந்தது. ஊர்த்தெருவில் சவுரிராயன் வீடு வீடாக வெள்ளைத் துணி கேட்டான். எல்லா வீட்டுத் துணியும் வெளுக்கப் போயிருந்தது. அன்றைக்கு வண்ணான் கழுதைக்கு முதுகு ஒடிந்திருக்கவேண்டும்.

சேரியில் குப்பம்மாள்தான் கொடுத்தாள். அறுத்த கொல்லையில் மல்லாட்டைக் கடலை பொறுக்கிச் சேர்த்த காசில், துணியை அளந்து கொடுக்கும் திண்டிவனத்து கன்ட்ரோல் கடையில் வெயிலில் நின்று வாங்கிய கோடி வேட்டி. உள்ளே மாமனார் மண்ணாங்கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் போகும்போது மேலே போட என்று, மூலையில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருந்தாள்.

"காலையில குடுத்துடறேங்க்கா."

"ரா தாங்கும் பெருசு. காலையில மறந்துடப் போற தம்பி. சாவப்போறவருக்குக் கெடு சொல்ல முடியாது."

"என் வேலையே இதுலதாங்க்கா கீது."

"உனுக்கு வேல, அவருக்குச் சாவு. ரெண்டுத்துக்கும் ஒரே வேட்டி. எட்த்துக்கினு போ."

படம் பளிச்சென்று விழுந்தது. சவுரிராயன் காலராவைப் பற்றி அப்படிப் பேசினான். முன்வரிசைக்காரர்கள் சொம்புத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டார்கள். சூப்பரின்டென்டுக்குப் பரம திருப்தி.

"சர்க்கார் திரையைவிட இது தேவலையேய்யா. இதையே வைத்துக்கொள். நாளைக்கு விழுப்புரத்தில் பெரிய துரை வருகிறார். இப்போதே கிளம்புங்கள்."

துரைக்கண்ணு துணியைச் சுருட்டினார். கையெழுத்தாகாத உத்தரவு சூப்பரின்டென்டின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இது ஒரு கிழவருடைய கோடி என்று சொன்னால் போதும். ஒரு மணி நேரம் வெள்ளைக்காரப் படத்துக்குத் தமிழ் பேசிய வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. விழுப்புரம் முடிந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினான். திண்டிவனம் ரோட்டில் திரும்பும் இடத்தில், முன்சீட்டில் இருந்த சூப்பரின்டென்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் கழித்து விழுப்புரத்தில் விடுபட்டுத் துணியோடு அவன் வந்தபோது குப்பம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"யக்கா, துணி."

"யாருக்குத் தம்பி?"

அவன் உள்ளே பார்த்தான். பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது.

"நீ போன மறுநா உச்சிக்கே பூட்டாரு. சாக்கப் போத்தி எட்த்துக்கினு போனோம். மல்லாட்ட சாக்கு. காலு வெளியத்தான் கெடந்துச்சி."

"மன்னிச்சுக்கங்க்கா. இத்தயாவது வாங்கிக்கங்க."

"அய்ய, உள்ள கொண்டாராத. பொணத்துக்குன்னு எடுத்தது, பொணம் போன பொறவு வூட்டுக்குள்ள வந்தா அடுத்த ஆளத் தேடும். வூட்ல கீறது நான் ஒருத்திதான்."

"வெலயக் குடுத்துடறேன்."

"பெருசு கோடிய வித்துத் தின்னேன்னு ஊரு பேசவா? துணிக்குத் துணிதான். படம் ஆட்ன துணி அவுருக்கு ஆவாது, வேற புதுசு எட்த்தாந்து குடு. அவுரு குழி மேல போத்திட்டு வரலாம்." முறம் நின்றது. "நல்லாப் பேசுனியாமே அன்னிக்கி. சொன்னாங்க."

புதுசுக்குக் கன்ட்ரோல் கடையில் ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டைக் காட்டினால் சரக்கு இல்லை என்றார்கள். அதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த மூன்று மாதமும் அவன் அதே துணிக்குப் பக்கத்தில் நின்று, சாவு வராமல் தடுக்கும் வழியை ஊர் ஊராகச் சொன்னான். பிறகு யுத்தம் முடிந்தது, சிக்கனம் வந்தது, தற்காலிகங்களை நிறுத்தினார்கள். புதுத் திரை ஒன்று நிரந்தரமாக வந்து சேர்ந்தது. பழையதை நீயே எடுத்துப்போ என்று துரைக்கண்ணு அவன் கையில் கொடுத்தார்.

அது அவன் பெட்டியில் இருக்கிறது. கிழிந்ததைக் கட்டிக்கொண்டு அலைகிறாயே, அதை எடுத்துக் கட்டேன் என்கிறாள் அம்மா. அவன் பெட்டியை மூடிவிடுகிறான். சரக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு இன்னும் கன்ட்ரோல் கடை வாசலில் போய் நிற்கிறான். மண்ணாங்கட்டியின் குழிமேட்டில் கோரை முளைத்துவிட்டது. ஒரு வேட்டி பாக்கி.