மூடுபனியும் ஒற்றைக் காதும்

சின்ன வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வைத்தியம் தங்கம்தான். பெரியம்மாவின் சங்கிலியை இரவல் வாங்கி வந்து அம்மா என் வீங்கிய கழுத்தில் போட்டாள். வீக்கம் வடிந்ததும், "பாத்தியா கண்ணு, தங்கம் நொம்ப நல்லா வேலை செஞ்சிருச்சு" என்று பூரித்துப்போனாள். அந்தக் காய்ச்சலோடு என் வலது காது செத்துப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் அறிவியல் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கு வந்த பத்திரிகை ஒன்றில் ஆந்தையைப் பற்றிப் படித்தேன். இருட்டில் எலி சரசரத்தால், அந்தச் சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்கு இம்மி பிந்தியும் போய்ச் சேர்கிறது. மூளைக்குள் செல்கள் வரிசையாக நிற்கின்றன. இரு காதுகளின் சேதிகளும் இரு முனைகளிலிருந்து எதிரெதிரே ஓடி வருகின்றன. எந்த செல்லுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றனவோ, அதுதான் பலமாகத் துடிக்கும். அதை வைத்து ஆந்தை திசை அறிகிறது. வகுப்பில் இரண்டு மாணவிகளை எதிரெதிரே நடக்கவிட்டு இதை விளக்கினேன். ஒருத்தி முந்திப் புறப்பட்டால் இருவரும் சந்திக்கும் இடம் மாறும் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. எனக்குள் ஒருத்திதான் நடக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்து வயது மகளோடு காப்பித் தோட்டத்துக் குறுக்கு வழியில் நடந்தேன். தூறலோடு மூடுபனி இறங்கியது. குடையை விரிக்க அவள் கையை விட்டேன். நிமிர்ந்தால் ஆளைக் காணோம்.

"அம்மா!"

குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் எனக்கு எல்லாக் குரலும் இடப்பக்கமிருந்துதான் வரும். இடப்பக்கம் ஓடினேன். தலையைத் திருப்பினால் குரலும் கூடவே திரும்பியது. மறுபடி ஓடினேன். குரல் தேய்ந்துகொண்டே போனது. தோட்டத்துக்குக் கீழே பெரிய பள்ளம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆந்தைப் பாடம் முழுக்கத் தெரிந்து என்ன பிரயோசனம்? வாய்விட்டு அழுதேன்.

பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி செடிகளுக்கு நடுவிலிருந்து கத்தினாள். "ஏனுங்க டீச்சர், அங்க எங்கீங்க போறீங்க? பள்ளமுங்க அது! புள்ள இந்தப் பக்கமிருந்துதானுங்க கூப்புடுது!"

அவளே என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மகள் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை.

"நான் கூப்புடக் கூப்புட நீ ஏம்மா தள்ளித் தள்ளிப் போன?"

வகுப்பில் அத்தனை நன்றாகச் சொன்ன நான், அவளிடம் மூடுபனியைக் காரணம் காட்டினேன். அதன் பிறகு அவள் என்னைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். எது வேண்டுமானாலும், விழுந்து அடிபட்டாலும்கூட, பேசாமல் கிட்டே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள்.