ரூத் அண்ணி கப்பலின் கொடியைத் தேடிய கதை

ரூத் அண்ணி ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ப்ளஸ் டூ பாஸ். நான் பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு நின்றவள். அந்த வகையில் எங்கள் வூட்டில் மெத்தப் படித்தவள் அவள்தான்.

அவள் புருஷன், அதாவது என் அண்ணன் நோயல், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். போன வருஷம் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, முதலாளி போன் எடுப்பதை விட்டுவிட்டான். மூன்று மாசமாகச் சம்பளம் இல்லை. அரிசி தீரப்போகிறது. உள்ளே பதினோரு பேர். கப்பலை ஆளில்லாமல் போட்டுவிட்டு இறங்க அந்த ஊரில் விடமாட்டார்களாம்.

வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டு ஆபீசுக்கு அண்ணி நாலு முறை நடந்தாள். நாலாவது முறை அங்கே ஒருவன், "இது இன்டர்நேஷனல் மேட்டரும்மா, உனக்குப் புரியாது" என்றான். திரும்பி வந்து கடை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான்.

கப்பல் தொழிலாளிகளுக்காக நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தாள். "ரெண்டு மாசம் சம்பளம் குடுக்கலன்னா கைவுட்டதா அர்த்தமாம்டி. எழுதியே கீது!" ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். அண்ணன் கப்பல் எந்த நாடு?

அப்பா வேதமாணிக்கம் காசிமேட்டில் முப்பது வருஷம் மீன்பிடி போட்டு ஓட்டியவர். "இதுல இன்னா டவுட்டு? ஓனர் எந்த ஊரோ, போட்டும் அந்த ஊரு. பெயிண்டைப் பாத்தே சொல்லிடலாம்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் முதலாளியின் நாட்டை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினோம். இல்லவே இல்லை. அண்ணி எழுந்து போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கலாட்டா. மறுநாள் என் தோஸ்து நவ்ரீன் போனிலிருந்து குரலை மாற்றி, "மேடம், கப்பல் கம்பெனி பேசறோம். உங்க ஹஸ்பெண்டு சொந்தச் செலவுல டிக்கெட் எடுத்துக்கணும்" என்றேன்.

"எந்தப் பிரிவுல அப்படிக் கீது?"

"ஆங்?"

"பிரிவு நம்பர் சொல்லுங்க. எந்த வருஷத்துத் திருத்தம்? கப்பல் எந்த நாட்டுக் கொடி?"

"அண்ணி, நான்தான்..."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"கொடிடி," என்றாள் மெதுவாக. "ஒப்பந்தத்துல கொடின்னுதானே போட்டுகீது, கப்பலைப் பதிஞ்ச நாடு. நாம ஓனர் ஊரைத் தேடிகினு இருந்தோம்."

உடனே அண்ணனுக்கு மெசேஜ் போட்டாள்: கப்பல் பின்பக்கம் பேருக்குக் கீழே என்ன ஊர் எழுதியிருக்கு? பதில் வந்தது. பனாமா. கப்பல் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். ஆனால் பட்டியலில் பனாமா இருந்தது. அண்ணி அதோடு விடவில்லை. ஒப்பந்தம் பனாமாவை எந்தத் தேதியிலிருந்து கட்டுப்படுத்தும், பிற்பாடு வந்த திருத்தமும் சேருமா என்று தனித்தனியாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தத் திருத்தத்தில்தான் இருந்தது: கைவிடப்பட்டவர்களை ஊர் சேர்க்க இன்ஷூரன்ஸ் வேண்டும், அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும்.

அண்ணன் தேடினான். சாப்பாட்டு அறைச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இருந்தது. பதினோரு பேரும் தினம் அதன் கீழே உட்கார்ந்துதான் கஞ்சி குடித்திருக்கிறார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கேயோ ஒரு மண்டபத்தில், கோட்டுப் போட்ட யார் யாரோ உட்கார்ந்து, எங்கண்ணனுக்குச் சோறு போட வேண்டும் என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இவள் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து தோண்டி எடுத்திருக்கிறாள்.

சான்றிதழில் பேர் இருந்த இன்ஷூரன்ஸ்காரருக்கு ஒரு பக்கக் கடிதம் அடித்தாள். இங்கிலீஷ் அங்கங்கே நொண்டியது. பிரிவு நம்பர் ஒன்றும் நொண்டவில்லை.

"நோயல் பேரை மட்டும் போடும்மா, சீக்கிரம் முடியும்" என்றார் அப்பா.

"சட்டம் அத்தினி பேருக்கும்தான் மாமா" என்று பதினோரு பேர் பெயரையும் அடித்தாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது: கப்பலுக்குக் காவல் ஆள் போட்டுவிட்டு, பதினோரு பேரையும் ஊருக்கு அனுப்புகிறோம். அழுவாள் என்று நான் கர்சீப்போடு நின்றேன். அவளோ ஒப்பந்தத்தைத் திறந்து, அவர்கள் குறிப்பிட்ட பிரிவு சரிதானா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. அப்புறம்தான் அழுதாள்.

கடை வாசலில் ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றிருந்தார்கள். நானே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். ஒன்று கோணலாக வந்தது.