ஒரே அளவுத் தலையணை

மட்டாஞ்சேரியின் ஈரக்காற்றில் இலவம்பஞ்சு சீக்கிரமே கட்டிதட்டிப் போகும். காலையில் என் மனைவி கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி எனக்குக் காபி கொடுக்க ஆரம்பித்தபோது, எங்கள் தலையணைகளை இரண்டாக மடித்துக் கையை எடுத்துப் பார்த்தேன். நல்ல தலையணை உடனே நிமிர வேண்டும். இவை இரண்டும் மடித்தது மடித்தபடியே கிடந்தன. உபயோகமற்றவை என்று தீர்ப்பளித்தேன்.

பணிக்காலம் முழுவதும் அரசுப் பண்டகசாலைக்குப் பொருள் வாங்கியவன் நான். மூன்று கடைகளில் விலை கேட்டேன். மூன்றிலும் படுத்துப் பார்த்தேன். என்னைப் போல் ஒருக்களித்துப் படுப்பவனுக்குத் தோளின் அகலம் அளவுக்குத் தலையணை உயரம் வேண்டும், இல்லையென்றால் தலை தொங்கும். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் உயரமான ரப்பர் தலையணை பொருத்தமாக அமைந்தது. அதில் இரண்டு வாங்கினேன். ஒரே பொருளை இரண்டு அளவில் வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். ஓய்வு பெற்ற பிறகும் தணிக்கைக்குப் பயந்து தலையணை வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று நான் பிரமாதமாகத் தூங்கினேன். காலையில் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"உங்க தலைகாணி நன்னாத்தான் இருக்கு. உங்களுக்கு."

"கொஞ்சம் பழகணும்."

"முப்பது வருஷமா உங்களோட பழகிண்டிருக்கேன். இதோடயும் பழகணுமா? நான் மல்லாந்து படுக்கறவ. இதுல தலைய வெச்சா மோவாய் நெஞ்சுல முட்டறது."

சில நாட்களில் அவள் கூடத்து நாற்காலிக்குக் குடிபெயர்ந்தாள். கழுத்துக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. இதை இப்படியே விடக்கூடாது என்று அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

"தல வெச்ச தலகாணிய நான் திரும்ப எடுத்தா வேற யாரு வாங்குவாங்க சாரே? வேணும்னா புதுசு விலைக்குத் தரேன். ஆனா வீட்டுல இருக்குற சேச்சி வந்து கிடந்து பாக்காம தரமாட்டேன்."

பயன்படுத்துபவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பொருளை ஏற்க வேண்டும். அந்த விதியை எத்தனையோ பேருக்கு நான் ஓதியிருக்கிறேன். தலையணையோடு திரும்பினேன்.

வீட்டில் சொன்னதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பிராட்வேல, போறவா வரவா பாக்க, நான் படுத்துக் காட்டணுமா?"

"நாற்காலியில வாயைத் திறந்துண்டு தூங்கறதப் பால்காரன் தினம் பாக்கறான்."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். படகில் எறணாகுளம் போகும் வரை எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் இரண்டு மெத்தைகளை நிறுத்திவைத்துத் தெருவை மறைத்தார். அவற்றின் பின்னால் கட்டிலில் அவள் படுத்தாள். முதல் தலையணை உயரம் என்றாள். இரண்டாவது கல் என்றாள். மூன்றாவது தாழ்ந்த, மெத்தென்ற தலையணை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"மோவாய் முட்டறதா?" என்றேன். பதில் இல்லை. மெத்தைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெளியே சுமை இறக்குபவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சேச்சிய எழுப்பட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். இதுதான். பில் போடுங்கோ."

அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். நான் ஒரு முக்காலியை இழுத்து மெத்தைகளின் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஒரு தம்பதி வந்து, பின்னால் இருக்கும் கட்டிலைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

"அது பரிசோதனையில இருக்கு," என்றேன். "சாயங்காலம் வாங்கோ."